புதுசா லாரி ஓட்ட வர்ற தம்பிகளுக்கு

காரைக்குடிப் பக்கம் லாரி செட்டுக்கு வேலை கேட்டு வர்ற பையன்க பாதிப்பேரு முதல்ல கேக்குறது, "அண்ணே, ஸ்டேரிங் எப்பண்ணே தருவீங்க?"ங்கிறதுதான். ஆசை நல்லதுதான். ஆனா ஸ்டேரிங் கை பழகுனா வந்துரும். வண்டி நிக்கிறப்ப என்னத்தப் பாக்கணும், லோடு ஏத்துறவர்கிட்ட என்ன கேக்கணும், ஓனர்கிட்ட எப்ப "முடியாதுங்க"ன்னு சொல்லணும், இத யாரும் உக்கார வச்சுச் சொல்றதில்ல. நான் பள்ளத்தூர்க்காரன். ஆத்தங்குடிக் கல்லு (தரையில பதிக்கிற டைல்ஸ்), கரி, நெல்லு, உப்பு, பழைய தேக்குத் தூணுன்னு நம்ம சீமையில ஏத்துற எல்லாத்தையும் ஏத்தி ஓட்டுனவன். ரோட்டுல ஒரு வண்டி கவுந்தா, அதுக்கான காரணம் பெரும்பாலும் அது கிளம்புறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். அதனால நிக்கிற வண்டியிலருந்தே ஆரம்பிக்கிறேன்.

லைசென்ஸ் பத்தி சுருக்கமா

18 வயசுல இலகுரக வண்டி லைசென்ஸ் எடுக்கலாம். ஹெவிக்கு 20 வயசு ஆகணும், இலகுரக லைசென்ஸ் கையில வந்து ஒரு வருஷமும் ஆகியிருக்கணும். முன்னாடி எட்டாவது பாஸ் கேப்பாங்க, 2019-ல அந்த விதிய எடுத்துட்டாங்க. அதுக்காக எழுத்துக் கூட்டத் தெரியாம வராத. மீட்டர்ல வர்ற எச்சரிக்கை, பில்லுல இருக்குற வண்டி நம்பரு, பாலத்துல எழுதியிருக்குற உயரம் எல்லாம் நீயேதான் படிக்கணும். தெரியலன்னா யார்கிட்டயாச்சும் உக்காந்து கத்துக்கிட்டு வா, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

பல பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. வண்டியும் லோடும் சேத்து மொத்த எடை 7,500 கிலோவத் தாண்டாத சரக்கு வண்டிய சாதாரண எல்எம்வி (இலகுரக) லைசென்ஸ்லயே ஓட்டலாம். 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வே இதச் சொல்லிருச்சு. அதனால ஹெவி வர்ற வரைக்கும் வீட்டுல சும்மா இருக்காத. சின்ன வண்டில ஏறு. காரைக்குடி, கோட்டையூர், புதுவயல், தேவகோட்டைன்னு ஊருக்குள்ள சந்து சந்தா ரிவர்ஸ் எடுத்துப் பழகு. செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுலயும் பின்வாசல் அடுத்த தெருவுலயும் இருக்கும். கல்லு இறக்கணும்னா பின்வாசல் தெருவுக்குத்தான் வரச் சொல்வாங்க. அந்தத் தெருவுல கண்ணாடிய மட்டும் பாத்து வண்டிய ஒடிச்சு விடத் தெரிஞ்சவனுக்கு, அப்புறம் 12 சக்கர வண்டி கையில வந்தாலும் பயம் இருக்காது.

ஹெவி கத்துக்கிறதுக்கு காசு குடுத்து சும்மா லைசென்ஸ் மட்டும் வாங்கிட்டு வந்துராத. நாமக்கல்ல அசோக் லேலண்ட் கம்பெனியோட டிரைவர் பயிற்சி மையம் இருக்கு. கும்மிடிப்பூண்டில சாலைப் போக்குவரத்து நிறுவனத்தோட பயிற்சிப் பள்ளி இருக்கு. அங்க போக முடியலன்னா, நிதானமான பெரிய டிரைவர் ஒருத்தரோட கிளீனராப் போ. எல்லாரும் ஒத்த டிரைவர வச்சே வண்டிய அனுப்புற காலம் இது, கிளீனர் வேல கிடைக்கிறதே அரிது. கிடைச்சா விடாத. லைசென்ஸ 5 வருஷத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கிறப்ப டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. டாக்டரப் பாக்காமலே கையெழுத்து வாங்குற வழி ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கம் போகாத. ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்துல உன் கண்ணு எவ்வளவு நேரம் கூசுதுன்னு உனக்குத் தெரிஞ்சாகணும். பெட்ரோல், கேஸ், ஆசிட் டேங்கருக்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸ்ல தனிப் பதிவும் வேணும். ஆரம்பத்துல அது உனக்கு வேணாம்.

லோடு ஏறுறப்ப கூட நில்லு

புது டிரைவர் பண்றது என்னன்னா, வண்டியக் கொண்டுபோய் விட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவான், இல்ல கேபின்ல படுத்து போன் பாப்பான். ஏத்துறது லோடுமேன் வேலதான், ஒத்துக்கிறேன். ஆனா பிரேக் போடுறப்ப அந்தச் சரக்கு வந்து இடிக்கப் போறது உன் முதுகுக்குப் பின்னாடிதான்.

நம்ம ஊருக் கல்லையே எடுத்துக்க. ஆத்தங்குடிக் கல்லு எப்படிச் செய்யிறாங்கன்னு ஒரு தடவையாச்சும் நின்னு பாரு. கண்ணாடித் தகடு மேல அச்ச வச்சு, கட்டம் கட்டமா கலர்ச் சாந்த ஊத்தி, அச்ச உருவிட்டு, மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, காஞ்சதும் தண்ணித் தொட்டில ஊறப் போட்டு எடுக்குறது. சூளையில வேகாத கல்லு அது. கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்த வழுவழுப்பு. ஓரத்துல ஒரு தட்டு பட்டாப் போதும், சில்லு போயிரும். சில்லு போன கல்ல வீட்டு ஆச்சி ஒண்ணு ஒண்ணா ஓரமா எடுத்து வைப்பாங்க. அத்தனைக்கும் உன் வாடகையில பிடிப்பாங்க.

அதனால கல்ல படுக்க வச்சு அடுக்க விடாத. செங்குத்தா நிக்கணும். பூப் போட்ட முகம் இன்னொரு முகத்தப் பாத்து இருக்கணும், நடுவுல காகிதமோ வைக்கோலோ வேணும். அடியில வைக்கோல் மெத்தை. கேபினுக்குப் பின்னால இருக்குற பலகைய ஒட்டி முதல் வரிசை ஆரம்பிக்கணும். வரிசைக்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவுல ஒரு கை நுழையிற சந்து இருந்தாலும் அதுல வைக்கோலத் திணிச்சு இறுக்கிரணும். ஏத்தி முடிச்சதும் நீயே மேல ஏறி, ஒரு வரிசையோட நடுக் கல்லப் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஆடுச்சுன்னா இறுக்கம் பத்தல. திருமயம் போறதுக்குள்ள அது பத்துக் கல்லா உடஞ்சிருக்கும்.

கல்லு லோடுல அதவிடப் பெரிய ஆபத்து அதோட எடை. 6 சக்கர வண்டில முழங்கால் உயரத்துக்கு அடுக்கி முடிக்கிறதுக்குள்ள எடை முடிஞ்சிரும். மேல பாத்தா வண்டி காலியாக் கிடக்குற மாதிரி இருக்கும். "என்னப்பு, பாதி வண்டி சும்மா போகுது, இன்னும் ரெண்டு அடுக்குப் போடுவோமே"ம்பாங்க. கண்ணு சொல்றதக் கேக்காத, எடை மேடைக்குப் போ. காலி வண்டி எடையும் லோடு எடையும் போட்ட சீட்ட வாங்கிப் பையில வை. ஆர்சி புக்குல மொத்த எடை எவ்வளவுன்னு போட்டிருக்கும். 2018-ல அச்சு எடைய ஒசத்துனப்பவே 6 சக்கரத்துக்கு 18 டன்னுக்குக் கொஞ்சம் மேல, 10 சக்கரத்துக்கு 28 டன்ன ஒட்டின்னு குடுத்துட்டாங்க. அதுக்கு மேல ஏத்துறதுக்கு ஒரு நியாயமும் இல்ல.

எடைய எங்க வைக்கிறங்கிறதும் முக்கியம். எல்லாத்தையும் பின்னாடியே ஏத்துனா முன் சக்கரம் லேசாகி ஸ்டேரிங் பேச்சு கேக்காது. எல்லாத்தையும் முன்னாடி தள்ளுனா முன் பட்டா (ஸ்பிரிங் தகடு) ஒடியும், முன் டயரு வெடிக்கும். ஒரு பக்கமா சாஞ்சிருந்தா வளைவுல அந்தப் பக்கம் இழுக்கும். ஏத்தி முடிச்சதும் பத்தடி தள்ளி, வண்டிக்கு நேர் பின்னாடி நின்னு பாரு. சாய்வு கண்ணுக்கே தெரியும்.

கரி லோடு இதுக்கு நேர் எதிர். நம்ம சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்த வெட்டி மூட்டம் போட்டு (மண்ணால மூடி எரிச்சு) எடுக்குற கரி. எடை குறைவு, உயரம் அதிகம். மூட்டை மேல மூட்டை ஏறுனா வண்டி தலைகனத்துப் போகும், காத்துல ஆடும், வளைவுல சாயும். மேல புளியமரக் கிளை, மின்கம்பி எல்லாத்தையும் பாத்துப் போகணும். ஏத்துறவங்ககிட்ட நீ கேட்டே ஆகணும், "மூட்டம் எப்பண்ணே பிரிச்சீங்க?" நேத்துப் பிரிச்ச கரின்னா ஏத்தாத. புதுக் கரி ஆறுன மாதிரி இருக்கும், நடு மூட்டைக்குள்ள கணகணன்னு இருக்கும். தார்ப்பாய மூடி வெயில்ல ஓடுறப்ப தானாவே பத்திக்கிறது உண்டு. ஏத்துறதுக்கு முன்னாடி மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாரு, சூடு இருந்தா ஓரமா வைக்கச் சொல்லு. ஓடுறப்ப பின்னாடி புகை தெரிஞ்சா வீடு, வைக்கோல் போரு, பங்க் இதுகளத் தாண்டி பொட்டல்ல நிறுத்திட்டு, பதறிப்போய் தார்ப்பாயப் பிரிக்காம முதல்ல 101-க்குப் போன் போடு. காத்துப் பட்டா அது குபீர்னு கிளம்பும்.

பழைய வீட்டு நிலை, கதவு, தேக்குத் தூணுன்னு முனீஸ்வரன் கோயில் தெருவுலருந்து ஏத்துவாங்க. தூணு உருளும். ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் தனிக் கயிறு போடணும், எல்லாத்தையும் சேத்து மேல ஒரே கயித்துல கட்டிட்டு வராத. பின் கதவத் தாண்டி நீட்டிக்கிட்டு, ஒரு சிவப்புத் துணியக் கட்டிக்கிட்டுப் போறது பழைய பழக்கம். ராத்திரி பைக்ல வர்ற பையனுக்கு அந்தத் துணி தெரியாது. பாடிக்கு வெளிய நீட்டுற லோடுக்கு 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ரூபா அபராதம். நீளத்துக்கு ஏத்த வண்டியப் பிடிக்கச் சொல்லு.

உப்பு ஏத்துனா இறக்குன அன்னைக்கே வண்டிய நல்ல தண்ணில அடிச்சுக் கழுவு. அவ்வளவுதான்.

தார்ப்பாய் ரெண்டு போடுறதா இருந்தா பின்பக்கத் தார்ப்பாய முதல்ல விரிச்சு, முன்பக்கத்தது அதுக்கு மேல வர்ற மாதிரி போடணும். மாத்திப் போட்டா ஓடுற வேகத்துல காத்தும் மழையும் நடுச் சந்துல பூந்துரும். கயிறு எவ்வளவு இழுத்துக் கட்டுனாலும் லோடு குலுங்கி அமர்ந்ததும் தளரும். நான் காரைக்குடிலருந்து கிளம்புனா திருமயம் கோட்டை தெரியிற இடத்துல ஒரு நிறுத்து நிறுத்தி, சுத்தி வந்து, கயித்த இழுத்துக் கட்டிட்டுத்தான் புதுக்கோட்டை போவேன். நீயும் முதல் 20, 25 கிலோமீட்டர்ல ஒரு இடம் வச்சுக்க.

காலையில வண்டியச் சுத்தி வர்றது

கைய வீசிக்கிட்டு சுத்தி வந்தா பிரயோசனமில்ல. குனிஞ்சு பாக்கணும். ஒரே இடத்துலருந்து ஆரம்பிச்சு ஒரே பக்கமா சுத்து, அப்பத்தான் எதுவும் விட்டுப் போகாது. நான் டிரைவர் கதவுல ஆரம்பிப்பேன்.

டயர லிவரால தட்டு. சத்தம் டங்குன்னு வரணும். மந்தமா வந்தா காத்து இல்ல. பின் ஜோடில உள் டயரத்தான் எல்லாரும் மறந்துருவாங்க. வெளி டயரு பாரத்தத் தாங்கிட்டு நிக்கிறதால உள்ளது இறங்கியிருந்தாலும் பாக்க நல்லாத்தான் தெரியும். அப்புறம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிச் சூடாகி, நடு ரோட்டுல தீயே பிடிக்கும். ஜோடிக்கு நடுவுல கல்லு சிக்கியிருக்கான்னும் பாரு, அது தெறிச்சா பின்னாடி வர்றவன் கண்ணாடி போகும், இல்ல கண்ணு போகும். சக்கர நட்டச் சுத்தித் துரு வழிஞ்ச கோடு தெரிஞ்சா அந்த நட்டு தளருதுன்னு அர்த்தம். டயரு மாத்துன வண்டின்னா 50, 100 கிலோமீட்டர் ஓடுனதும் நட்ட மறுபடி முறுக்கியே ஆகணும்.

பட்டாவுல ஒரு தகடு ஒடிஞ்சிருந்தா மத்ததும் ஒடியும். அடியில குனிஞ்சா ஆயில் சொட்டு இருக்கான்னு பாரு. பிஎஸ்6 வண்டின்னா டீசலோட ஆட்புளூவும் (புகையச் சுத்தம் பண்ண தனி டேங்குல ஊத்துற திரவம்) பாக்கணும். அது தீந்தா எஞ்சின் இழுவையக் குறைச்சுரும், லோடோட மேட்டுல நிக்க வேண்டியதுதான். அதுக்குப் பதிலா தண்ணிய ஊத்துனா செலவு லட்சத்துல போகும்.

பிரேக்குக்கு வருவோம். ஏர் டேங்குக்குக் கீழ ஒரு வால்வு இருக்கும். தினமும் அதத் தட்டி விடு. உள்ள சேந்த தண்ணி புஸ்ஸுன்னு வெளிய வரும். தண்ணியோட ஆயிலும் வந்துச்சுன்னா கம்ப்ரஷர் தேயுதுன்னு பட்டறையில சொல்லு. எஞ்சின ஓட விட்டுக் காத்து ஏறுற வரைக்கும், எச்சரிக்கை விளக்கும் சத்தமும் அடங்குற வரைக்கும் வண்டிய நகத்தாத. காத்து நிரம்புனதும் எஞ்சின அணைச்சுட்டு பிரேக்க ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடி, மீட்டர் முள்ளப் பாத்துக்கிட்டே இரு. முள்ளு இறங்கிக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுது. கேபின அமைதியாக்கிட்டுக் காதக் குடு, ஸ்ஸ்ஸுன்னு எந்தச் சக்கரத்துல கேக்குதுன்னு தெரியும். பாட்ட நிறுத்திட்டுப் பண்ண வேண்டிய வேல இது. ஒழுகுற வண்டிய "போற வழியில பாத்துக்கலாம்"னு எடுக்காத. போற வழியிலதான் அது வேணும்.

எங்கயாச்சும் ஓட்டி நிறுத்தி இறங்குனா, ஒவ்வொரு சக்கர நடுவுலயும் புறங்கைய பக்கத்துல கொண்டுபோய்ப் பாரு, தொடாத. ஒண்ணு மட்டும் மத்தத விட அனலா அடிச்சா அங்க பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு, இல்ல பேரிங் போகப் போகுது.

நம்ம ரோட்டுல

நாலுவழிச் சாலையில ஓட்டுறது லேசு. நம்ம பக்கம் கிராமத்து ரோடுதான் டிரைவர் யாருன்னு காட்டும். அறுப்புக் காலத்துல உளுந்தையும் கொள்ளையும் ரோட்டுலயே பரப்பிப் போட்டிருப்பாங்க. அது மேல ஏறாத. கொடி சுத்திக்கிட்டு ஜாயிண்ட் ஷாப்ட்ல (வண்டிக்கு அடியில சுத்துற தண்டு) இறுகி, சைலன்சர் சூட்டுல பத்திக்கும். ஏறித்தான் போகணும்னா தாண்டுனதும் நிறுத்தி அடியில பாத்து இழுத்துப் போடு. ஆட்டுக் கிடை குறுக்க வந்தா ஹாரன அடிக்காத, ஆடு சிதறி உன் சக்கரத்துக்கே வரும். எஞ்சின ஆப் பண்ணிட்டு கீதாரி (ஆடு மேய்க்கிறவரு) ஓட்டி முடிக்கிற வரைக்கும் நில்லு.

தை மாசத்துக்குன்னு தனியாச் சொல்லணும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடிலருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியா பழனிக்கு நடக்கும். அவங்களோட, அவங்களுக்கு முன்னயும் பின்னயும் ஊர் ஊரா ஆயிரக்கணக்குல சனம் நடக்கும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியும் விடியக்காலையிலயும்தான் நடப்பாங்க. காலு கொப்புளமா, தூக்கக் கலக்கத்துல, ரோட்டு விளிம்புல வருவாங்க. வயசான ஆச்சிமாரு, தோள்ல பிள்ளைய வச்சவங்க எல்லாம் இருப்பாங்க. அந்த நாள்ல அந்த ரோட்டுல ராத்திரி லோடு எடுக்காம இருக்க முடிஞ்சா எடுக்காத, மதுரை வழியாச் சுத்திப் போ. டீசல் கூடுதலா ஆகும், ஓனர்கிட்ட முன்னயே சொல்லிரு. போயே ஆகணும்னா 30-க்கு மேல ஓட்டாத, லைட்ட டிப்புல வை, எதிர் வண்டி வர்ற இடத்துல முந்தாத. எதிர் வெளிச்சம் கண்ணுல அடிக்கிற அந்த ரெண்டு விநாடி, ஓரத்துல நடக்குறவங்க உனக்குத் தெரியவே மாட்டாங்க. இத எத்தனை தடவ சொன்னாலும் எனக்குப் பத்தாது. பொங்கல ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டு அன்னைக்கு அந்தப் பக்கமே போகாத. மாடு எந்தக் காட்டுலருந்து எந்த ரோட்டுக்கு ஏறும்னு யாருக்கும் தெரியாது.

உன் கேபினுக்கு முன்னாடி ஒட்டியும் இடது கதவுக்குக் கீழயும் இருக்குற இடம் உனக்குத் தெரியாது. ஸ்கூட்டர்ல போற பொம்பளப் பிள்ளைங்க அங்கதான் வந்து நிப்பாங்க. சிக்னல்ல இருந்து எடுக்குறப்பவும், இடது பக்கம் திரும்புறப்பவும், ஒரு தடவ எக்கிப் பாத்துட்டு எடு.

மலை இறக்கத்துக்கு ஒரே விதிதான். எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே இறங்கு. டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு நியூட்ரல்ல விடுறவன் கூட வண்டி ஏறாத. நியூட்ரல்ல எஞ்சின் பிடிக்காது, எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாய அடைச்சு வேகத்தக் குறைக்கிறது) வேலை செய்யாது, முழுப் பாரத்தையும் கால் பிரேக் ஒண்ணே தாங்கணும். அமுக்க அமுக்க லைனிங் சூடாகி, டிரம் விரிஞ்சு, பெடல் அடி வரைக்கும் போனாலும் வண்டி நிக்காது. தருமபுரிலருந்து சேலத்துக்கு இறங்குற தொப்பூர் கணவாய்ல இவ்வளவு வண்டி போய் மோதுறதுக்கு இதான் பெரிய காரணம். இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தி பிரேக்க ஆற விட்டு, கியரப் போட்டுட்டு இறங்கு. பாதி இறக்கத்துல கியர் குறைக்கலாம்னு நெனச்சா அப்ப கியர் விழாது. மைசூர்ப் பக்கம் லோடு வந்தா, திம்பம் மலைப்பாதை 27 கொண்டை ஊசி வளைவு. 2022-லருந்து நீதிமன்ற உத்தரவுப்படி ராத்திரில லாரிக்குத் தடை, பெரிய வண்டிகளுக்குப் பகல்லயும் தடை இருக்கு. புக்கிங் ஆபீஸ்ல லோடு ஒத்துக்கிறதுக்கு முன்னாடியே உன் வண்டிக்கு அந்தப் பாதைல வழி உண்டான்னு கேட்டுக்க.

தூக்கம்

1961-லயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துருச்சு. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டுனா அரை மணி நேர ஓய்வுன்னு அதுல இருந்துச்சு. நம்ம தொழில்ல இத எவ்வளவு பேரு மதிச்சாங்கன்னு உனக்கே தெரியும். ஆனா அந்த 5 மணி நேரக் கணக்க நீ உனக்கு வச்சுக்க. என் கணக்கு அதவிடக் கம்மி, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ இறங்கி நடப்பேன்.

ராத்திரி 2 மணிலருந்து 5 மணி வரைக்கும் உடம்பு படுக்கத்தான் கேக்கும். டீ, பாட்டு, மூஞ்சில தண்ணி, வாயில பாக்கு எல்லாம் பத்து நிமிஷத்துக்குத்தான். கொட்டாவி வந்துக்கிட்டே இருக்கு, கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல என்ன ஊரு வந்துச்சுன்னு ஞாபகம் இல்ல, வண்டி வெள்ளைக் கோட்ட ஏறி ஏறி இறங்குதுன்னா நீ ஏற்கனவே தூங்கிக்கிட்டுத்தான் ஓட்டுற. உடனே நிறுத்து. ஆனா ரோட்டு ஓரத்துல நிறுத்தாத. நின்ன லாரில பின்னாடி வந்து கார் பூந்த செய்திய நீயும் எத்தனையோ பாத்திருப்ப. பங்க், டோல்கேட் பக்கத்துல லாரி நிறுத்துற இடம், லாரி நிக்கிற ஓட்டல், இதுல ஒண்ணு வர்ற வரைக்கும் மெதுவாப் போ. பஞ்சராகி வேற வழியில்லாம ஓரத்துல நின்னா பார்க்கிங் லைட்டப் போட்டு, முக்கோணத்த நல்லாப் பின்னாடி தள்ளி வை. சக்கரத்துக்குக் கட்டை போடு. கல்லப் போட்டா போறப்ப அத எடுத்துப் போட்டுட்டுப் போ. விட்டுட்டுப் போன அந்தக் கல்லு ராத்திரி ஒரு பைக்குக்கு எமன்.

2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் செய்யிற பெரிய சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆயிருச்சு. பழைய வண்டில ஓட்டுறவங்களுக்குத்தான் வெயில். சித்திரை வைகாசில மத்தியானம் வண்டிக்குக் கீழ துண்ட விரிச்சுப் படுக்குற பழக்கம் உனக்கு வேணவே வேணாம். மரத்தடிக்குப் போ.

ஓனரு, காயிதம், காசு

கிளம்புறதுக்கு முன்னாடி ஆர்சி, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், டாக்ஸ், புகைச் சான்று எல்லாத்துலயும் தேதியப் பாரு. எஃப்சி 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ, அதுக்கப்புறம் வருஷா வருஷம். டிஜிலாக்கர்ல இருந்தாலும் செல்லும். இன்சூரன்ஸ் தேதி முடிஞ்ச வண்டிய ஒரு கிலோமீட்டர் கூட எடுக்காத. அப்புறம் இ-வே பில், சரக்கோட போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு. தமிழ்நாட்டுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல உள்ள சரக்குக்கும், வெளி மாநிலம்னா 50,000-க்கு மேலயும் வேணும். அதுல உன் வண்டி நம்பரு சரியா இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தாப் பாரு. வண்டி மாறி லோடு ஏத்துனா நம்பர மாத்தியாகணும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு கெடு. வண்டி வழியில நின்னுட்டா கெடு முடியிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னயோ பின்னயோ நீட்டிக்கலாம், உடனே சரக்குக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லு.

ஓவர்லோடுக்குச் சட்டத்துல 20,000 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இறக்கிட்டுத்தான் போகவும் விடுவாங்க. பிடிபட்ட இடத்துல நிக்கப் போறது நீ. "நான் பாத்துக்கிறேன் போப்பா"ன்னு சொன்னவரு அந்த நேரத்துல போன எடுக்க மாட்டாரு. எனக்கே ஒரு ஆலைக்காரரு லோட ஏத்தி முடிச்சுட்டு எடைச் சீட்டே குடுக்க மாட்டேன்னு நின்னாரு. நான் வண்டிய எடுக்கல. சாயங்காலம் வரைக்கும் நின்னேன். இறக்குனாங்க. சண்டை போட வேண்டியதில்ல. "அய்யா, மிச்சத்த அடுத்த நடைல ஏத்திக்குவோம், எனக்கு இந்தச் சீட்டுல இருக்குற எடை போதும்"னு தாழ்ந்த குரல்ல சொல்லு. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லு. வேலை போயிரும்னு பயம் இருக்கும், தெரியும். இன்னைக்கு டிரைவருக்குப் பஞ்சம். நிதானமா ஓட்டுறவனுக்கு அடுத்த செட்டுல வேல இருக்கு.

உன் படிக்காசு எவ்வளவு, டோலு யாரு, பஞ்சர் யாரு, ஏத்து கூலி இறக்கு கூலி யாரு, இறக்குற இடத்துல ஒரு நாளைக்கு மேல காத்துக்கிடந்தா என்ன தருவீங்க, இத்தனையையும் கிளம்புறதுக்கு முன்னாடி வாயால கேட்டு, ஒரு சின்ன நோட்டுல எழுதி வை. செலவு ஆகுற இடத்துலயே எழுது, ராத்திரி மொத்தமா எழுதுறேன்னு விட்டா விட்டுப் போகும்.

அடிபட்டா

யாருக்காவது அடிபட்டுருச்சுன்னா ஓடாத. 108-க்கு அடி. தமிழ்நாட்டுல நம்மைக் காக்கும் 48 திட்டத்துல விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம், பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. காசு கேப்பாங்களோன்னு யாரும் தயங்க வேண்டியதில்ல, அங்க நிக்கிறவங்ககிட்டயும் இதச் சொல்லு. கூட்டம் கூடி அடிக்க வந்தா என்ன பண்றதுன்னு எல்லாப் பையனும் கேப்பான். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவே அதுக்கு இடம் குடுக்குது. கூட்டத்தோட ஆத்திரத்தால நிக்க முடியாத நிலைன்னா நீ அங்கயே நிக்கணும்னு இல்ல. ஆனா நேரா போலீஸ் ஸ்டேஷன் போகணும், 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும். வழியிலயே 108-க்கும் 112-க்கும் நீயே போன் பண்ணிரு, அந்தப் போன் நேரம் உனக்குச் சாட்சி. வீட்டுக்குப் போய் ஒளிஞ்சா அடிபட்டவரும் போவாரு, உன் கேசும் போகும்.

இதோட ஒண்ணு செஞ்சு வச்சுரு. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியம்னு தமிழ்நாடு அரசுல இருக்கு. 18 வயசுலருந்து 60 வரைக்கும் பதியலாம். ஆதார், ரேஷன் கார்டு, லைசென்ஸ், பேங்க் புக் நகலோட சிவகங்கை தொழிலாளர் அலுவலகத்துலயோ ஆன்லைன்லயோ பதிஞ்சுக்க. பிள்ளைங்க படிப்புக்கும், கல்யாணத்துக்கும், விபத்துல ஒண்ணு ஆனா குடும்பத்துக்கும் அதுல உதவி உண்டு. லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே போயிரு, அப்புறம்னு வச்சா அப்புறம்தான்.

முதல் மாசத்துக்கு காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி நடை கேட்டு வாங்கு. பகல்ல போ, பகல்ல திரும்பு. காலி வண்டிய ஓட்டுறதும் லோடு வண்டிய ஓட்டுறதும் வேற வேறன்னு அந்த ஒரே ரோட்டுலயே கால் பழகிரும், காலி வண்டி மழையில பிரேக் பிடிச்சா எப்படி வழுக்கும்னும் தெரியும். ராத்திரி நடையும் சென்னை லோடும் ரெண்டாவது மாசத்துக்கு மேல கேளு.